தண்ணீர்ப்பந்தல் போடும் தம்பிமாருக்கும் கோயில் சபையாருக்கும் ஒரு திறந்த மடல்

வன்னியின் ஆலய பரிபாலன சபையினர், விளையாட்டுக் கழகங்களின் தம்பிமார் தங்கைமார், திருவிழா நாட்களில் வீதிக்கரையில் பந்தல் போட்டுத் தாகம் தீர்க்கும் கடைக்காரர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிறவள். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்பது உத்தியோகப் பெயர். மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. அரச சேவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை; பிள்ளைகளுக்கு நான் "பல்லுப் பிடுங்கிற மிஸ்" மட்டும்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்தக் கோடையில் நீங்கள் போடும் பந்தல்களில் சிவப்புச் சர்பத்தையும் மஞ்சள் ஜூஸையும் விட்டுவிட்டு, நல்ல தண்ணீரும் மோரும் கொடுங்கள். இனிப்பும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அதை அன்னதானத்தோடு சேர்த்து ஒரே தடவையில் கொடுங்கள். இவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை நீளமாய்க் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் சொன்னபோது எல்லோரும் சிரித்துக்கொண்டே "ஒரு நாளைக்குத்தானே மிஸ்" என்றார்கள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சித்திரை வருடப்பிறப்போடு விடுமுறை வருகிறது. சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கிற காலமும் அதுதான். அடுத்து வெசாக், வவுனியாப் பக்கம் ஐஸ்கிறீமை இலவசமாய்க் கொடுக்கிற தன்சல் என்றால் வரிசையில் நிற்காத பிள்ளை குறைவு. வைகாசியில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும், பிறகு வற்றாப்பளையில் அம்மனுக்குப் பொங்கல், நடந்து வருகிறவர்களுக்கு வழிநெடுகப் பந்தல். ஜூலை 2 மடுமாதா திருவிழா, ஓகஸ்ட் 15 மறுபடியும் மடு. இவற்றுக்கு நடுவே ஒவ்வொரு குளத்தடியிலும் பிள்ளையாருக்கும் வைரவருக்கும் ஐயனாருக்கும் திருவிழா. ஒரு கழகம் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தால் பக்கத்துக் கழகம் உதைபந்தாட்டம் வைக்கும். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மாமாமார் சூட்கேஸ் நிறையச் சொக்கலேற்றோடு வந்து இறங்குவார்கள். இவை எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் வானும் பின்னாலேயே வரும். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் இந்த "ஒரு நாள்" முடிவதே இல்லை.

பந்தலடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரியவர் ஒருவர் வருவார், ஒரு கப் வாங்கிக் குடிப்பார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் அப்படியில்லை. முதலில் அம்மாவோடு வரும். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வரும். பிறகு சினேகிதப் பிள்ளைகளோடு ஓடிவந்து, "அண்ணை, எனக்கு இன்னும் தரேல்லை" என்று கூசாமல் பொய் சொல்லும். ஊற்றுகிற தம்பியும் தெரிந்துகொண்டே சிரித்துவிட்டு ஊற்றுவார். நாக்கைப் பார்த்தால் கணக்குத் தெரியும், மத்தியானத்துக்குள் கடுஞ்சிவப்பாகியிருக்கும். இடையிடையே தும்புமுட்டாஸ், ஒரு ஐஸ் பக்கற், கன்னத்துக்குள் அடக்கிய ரொபி. இரவுப் பூசை முடியும்வரை விழித்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிள்ளை, கோயில் வீதியில் விரித்த பாயில் அந்த ரொபி கரையுமுன்பே நித்திரையாகிவிடும். பல் துலக்க யார் எழுப்புவது?

சர்பத்தின் கணக்கைப் பார்ப்போம். பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ சீனி போட்டுக் கலக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மில்லி லீற்றருக்குப் பத்துக் கிராம். இருநூறு மில்லி லீற்றர் பிடிக்கிற பிளாஸ்ரிக் கப் ஒன்றில் இருபது கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சீனி. பிளேன்ரீக்கு யாராவது ஐந்து கரண்டி போட்டுத் தந்தால் முகத்தைச் சுளிப்போம். ஐஸ் போட்ட பானத்தில் அந்த இனிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. உணவில் சேர்க்கிற சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும், ஐந்து வீதத்துக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் சொன்னது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1500 கலோரி என்று எடுத்தால், அந்த ஐந்து வீதம் ஏறத்தாழ பத்தொன்பது கிராம். முதலாவது கப்போடு அன்றைய பங்கு முடிந்துவிட்டது. தம்பியோடு வந்த இரண்டாவது கப்பும், பொய் சொல்லி வாங்கிய மூன்றாவதும் கணக்குக்கு வெளியே.

கடைச் சோடாவுக்காவது ஒரு அடையாளம் உண்டு. 2016 ஓகஸ்ட்டிலிருந்து இலங்கையில் விற்கிற மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறப் புள்ளி போடவேண்டும். நூறு மில்லி லீற்றருக்குப் பதினொரு கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, இரண்டிலிருந்து பதினொன்று வரை செம்மஞ்சள், இரண்டுக்குக் கீழே பச்சை. பந்தலில் நிற்கிற பெரல் மேல் எந்தப் புள்ளியும் இல்லை. கை தாராளமாய் இருக்கிற அண்ணை ஒருவர் இன்னொரு பக்கற் சீனியை வெட்டிக் கொட்டினால் அது சிவப்புப் புள்ளியைத் தாண்டிவிடும்.

சரி, சீனி பல்லை என்ன செய்கிறது? பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். நாக்கால் தடவினால் வழுவழுப்பாகத் தெரியுமே, அதுதான். அதற்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் சீனி சாப்பிட்டால் அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடுகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோட்டிலிருந்து கல்சியம் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து படியவைக்கும். அதற்கு அரை மணித்தியாலமாவது வேண்டும், சில நேரம் இன்னும் கூட. இந்த ஏற்ற இறக்கம் நாளொன்றுக்கு நாலைந்து தடவை நடந்தால் பல் தாங்கும். அரை மணிக்கொரு தடவை பந்தலுக்கு ஓடுகிற பிள்ளையின் வாயில் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. அதற்கு மேல் வெயில். வியர்த்து, தண்ணீர் விடாய்த்து, நாக்கு வறண்டிருக்கிற பிள்ளைக்கு உமிழ்நீரும் குறைவு. நித்திரையில் அது இன்னும் குறையும். கன்னத்துக்குள் ரொபியோடு பாயில் கிடந்த பிள்ளையைச் சொன்னேனே, அந்த இரவு முழுக்க அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் சீனிக்குள் கிடக்கிறது.

எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கூடுதல் கெடுதி. இதை விளங்கிக்கொண்டால் நான் ஏன் பாயாசத்தோடு சண்டைக்குப் போகாமல் பந்தலோடு போகிறேன் என்பது விளங்கும். அன்னதானத்தில் சோறு கறியோடு வரும் பாயாசத்தை ஒரே இருப்பில் குடித்து முடிக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் உமிழ்நீர் நன்றாக ஊறுகிறது, பிறகு தண்ணீர் குடிக்கிறோம், வாய் கழுவுகிறோம். தாராளமாகக் கொடுங்கள், நானும் வரிசையில் வந்து குடிப்பேன். ஐஸ்கிறீமும் அப்படித்தான்; சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கப் சாப்பிட்டு முடித்தால் பெரிய பாவமில்லை. லொலிபொப், ஐஸ்பழம், பல்லில் ஒட்டுகிற ரொபி, மூடியைத் திறந்து திறந்து மிடறு மிடறாகக் குடிக்கிற சோடா, இவைதான் எனக்கு வேலை தருகிறவை.

கச்சான் கடை அக்காமாருக்கு என் முழு ஆதரவு உண்டு. வறுத்த கச்சானில் பல்லுக்கு ஒரு குற்றமும் இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் முழுக் கச்சானைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கச்சான் அல்வா வேறு கதை.

பந்தலில் சீனிக்குப் பதிலாகத் தேனோ பனங்கட்டியோ போட்டால் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்கள் காட்டுத்தேனில் அவருக்குள்ள பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கிருமிக்குத் தேனும் சீனிதான், பனங்கட்டியும் சீனிதான். பாலைப்பழம், வீரப்பழம், நாவற்பழம், நுங்கு போன்றவற்றை முழுசாகச் சாப்பிடுவது வேறு. அவற்றின் இனிப்பு சதையோடும் நாரோடும் சேர்ந்து வருகிறது. பாலைப்பழக் காலத்தில் உதடெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளையை நான் ஏசுவதில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

இனி நான் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம்: "அது பாற்பல்தானே மிஸ், விழுந்து முளைக்கும்தானே."

கதிரையில் பிள்ளை வாயைத் திறந்தபடி இருக்கிறது. விளக்கைத் திருப்பிக் கண்ணாடியை உள்ளே விட்டால், கீழ்த்தாடையின் கடைசியில் ஒரு பெரிய பல். நடுவில் பள்ளமாகிக் கறுத்திருக்கிறது, குத்தூசி முனை அதற்குள் சிக்குகிறது. அம்மா பாற்பல் என்கிறார். எனக்கோ வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அது பாற்பல் அல்ல. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பாற்கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் நாலு நிரந்தரப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. முன்பல் விழுந்தால் கூரையில் எறிந்து கொண்டாடுகிற நாங்கள் இவை வந்ததைக் கவனிப்பதே இல்லை. பிறக்கிறபோதே ஆழமான வெடிப்புகளோடு வருவதால் அவற்றுக்குள் இனிப்பு போய்த் தங்கிவிடும், தூரிகையும் எட்டாது. அறுபது வயதுவரை சோறு மெல்ல வேண்டிய பல் ஏழாவது வயதிலேயே சூத்தையாகிறது.

பாற்பல் என்றாலும் என்ன? கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. கீழே வளரும் பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பவை அவைதான். முந்தியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பிறகு நிரந்தரப்பல் கோணலாய் முளைக்கும். சூத்தை நரம்புவரை போனால் சீழ் கட்டும், கன்னம் வீங்கும், காய்ச்சல் வரும். பிள்ளை இரவில் கத்தும். உள்கிராமங்களில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். அப்பாவின் நாட்கூலி போகும், பிள்ளையின் படிப்பும் போகும். இவ்வளவும் ஒரு ‘விழுகிற’ பல்லால்.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஈறுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாய் ஒரு கோடு தெரியும். குளக்கட்டில் ஈரக்கசிவு கண்டதுபோல அது. அந்த நேரத்தில் பல்லை உறுதியாக்குகிற புளோரைட் பூச்சுப் பூசி, இனிப்புத் தடவைகளைக் குறைத்தால் பல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும். ஓட்டை விழுந்துவிட்டால் அடைக்கத்தான் முடியும், பல் திரும்ப வளர்ந்து மூடாது. ஆறு வயதுப் பல்லின் வெடிப்புகளை முளைத்த கையோடு மூடிவிடவும் வழியிருக்கிறது. சூத்தை வந்தபிறகு வராமல், வருமுன் கொண்டுவாருங்கள் என்று தாய்மாரிடம் நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

நாங்கள் ஏன் பிள்ளைகளுக்கு இனிப்பை இப்படி அள்ளி அள்ளிக் கொடுக்கிறோம் என்று யோசித்ததுண்டு. இன்றைக்குப் பந்தல் போடுகிற சபைத் தலைவர்களும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாரும் யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வளர்ந்தவர்கள். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு தேநீர் குடித்த காலம் அது. சோடா என்றால் 2002 இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் பலருக்கு. அப்புறம் 2009, இடம்பெயர்வு, முகாம், தண்ணீருக்கு வரிசை. நாங்கள் காணாததைப் பிள்ளைகளாவது காணட்டும் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்காதிருந்தவற்றில் இனிப்பைவிடப் பெரியவை எத்தனையோ இருந்தன. பல்லுவலிக்கு மருந்தில்லாமல் கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்த இரவுகளும் அவற்றில் உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியவற்றின் பட்டியலில் வலியில்லாத வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மோருக்கு வருகிறேன். "பிள்ளைகள் மோர் குடிக்காதுகள்" என்பது முதல் மறுப்பு. சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் பொடியாக வெட்டிப் போட்டு, உப்பும் தேசிக்காயும் அளவாய்ச் சேர்த்துக் குளிரக் கொடுத்தால் விடாய்த்து வருகிற பிள்ளை குடிக்கத்தான் செய்யும். உறைப்புப் பிடிக்காத சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாய் போடாமல் ஒரு வாளி தனியாய் வையுங்கள். பக்கத்தில் சர்பத் பெரல் இருந்தால் மட்டும் ஒருவரும் மோர்ப் பக்கம் திரும்பமாட்டார்கள். ஆகவே இரண்டையும் வைத்துவிட்டு "மோர் போகவில்லை" என்று என்னிடம் வராதீர்கள். வியர்வையோடு போன உப்பும் இதில் திரும்பக் கிடைக்கிறது, பாலின் கல்சியம் பல்லுக்கும் நல்லது. பட்டி மாடும் எருமைத் தயிரும் உள்ள ஊர் எங்களுடையது. வெளியூர்க் கொம்பனியின் எசன்ஸ் போத்தலுக்குப் போகிற காசு பக்கத்துப் பட்டிக்காரருக்குப் போகட்டுமே.

வெயிலில் புளித்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமானதுதான். முழுவதையும் காலையிலேயே கரைத்து வைக்காதீர்கள். தயிரைக் குளிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாளியாகக் கரையுங்கள். ஐஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முல்லைத்தீவுக் கரையில் மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததென்று நம்பி எந்தப் பானத்திலும் போடக்கூடாது. ஐஸை பானத்துக்குள் போடாமல் வாளிக்கு வெளியே சுற்றி அடுக்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முந்தியே சொன்னால் தண்ணீருக்குக் குளோரின் போடுவதையும் அவர் பார்த்துத் தருவார். மோர் சரிவராது என்றால் வெறும் மண்பானைத் தண்ணீர் போதும். வெயிலில் நடந்து வருகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தண்ணீர் என்றதும் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வவுனியாப் பக்கத்துக் கிணறுகளிலும் வரண்ட வலயத்தின் வேறு பல இடங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதலாக இருக்கிறது. இலங்கைத் தரக்கட்டளை லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. பல் தாடைக்குள் உருவாகிற வயதில் அதற்கு மேற்பட்ட தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால், முளைக்கிற பல்லில் வெள்ளைத் திட்டும் காவிக்கறையும் வரும். வெயில் ஊரில் தண்ணீரும் கூடக் குடிப்பதால் பாதிப்பும் கூடும். இந்தக் காவிப்பல்லைச் சூத்தை என்று நினைத்துப் பிள்ளையைத் தேய் தேய் என்று தேய்க்க வைக்கிறார்கள், அது தேய்த்துப் போகிற கறை அல்ல. இதற்கு நேர்மாறாக, "எங்கள் தண்ணீரில் புளோரைட் இருக்கு, பல்லுக்கு ஒன்றும் வராது" என்று இனிப்பை அவிழ்த்துவிடுகிறவர்களும் உண்டு. காவிப்பல்லிலும் சூத்தை வரும், இரண்டும் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது. நீர் ஆவியாக ஆக அது செறிவாகத்தான் செய்யும். கோயில் கிணற்றுத் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கூடுதல் என்று வந்தால் பிள்ளைகளுக்குச் சுத்திகரித்த தண்ணீரையோ மழைநீரையோ கொடுங்கள். ஒரு கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிற செலவில் இது எந்த மூலைக்கு?

அதற்காகப் புளோரைட் பற்பசையை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வயதுவரை ஒரு அரிசியளவு, அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோலத் தூரிகை நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். பிள்ளை விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏழெட்டு வயதுவரை அம்மாவோ அப்பாவோதான் துலக்கிவிட வேண்டும், இரவுத் துலக்கல்தான் முக்கியம். திருவிழா இரவிலும்தான். கோயிலுக்கு வருகிற பையில் பாயும் போர்வையும் இருக்கிறதல்லவா, பல் துலக்கிக்கும் இடம் இருக்கும். சோடாவோ புளிப்பான எதுவோ குடித்த கையோடு மட்டும் துலக்கக்கூடாது. அந்த நேரத்தில் பல்லின் மேலோடு இளகியிருக்கும். வாயை அலசிவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் துலக்கட்டும்.

விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்குத் தனியாக இரண்டு வார்த்தை. சிறுவர் போட்டிகளில் இடைவேளைக்குச் சோடா கொடுக்கிறீர்கள், ஓடி முடித்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் பக்கற்றைக் கையில் கொட்டி நக்கச் சொல்கிறீர்கள், பரிசு என்று ரொபிப் பை கொடுக்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் விளையாடுகிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் போதும். கோடையில் ஏ9 கரையெல்லாம் வத்தகப்பழம் குவிந்து கிடக்கிறது. நாலு பழத்தை வெட்டி வையுங்கள், மைதானமே திரண்டு வரும். பரிசுக்கு ஒரு பந்து, ஒரு கொப்பி, ஒரு தொப்பி. அனுசரணை தருகிற முதலாளி "எங்கள் குளிர்பானம்தான் தருவேன்" என்று நின்றால் அது பெரியவர்களின் இறுதிப் போட்டிக்குப் போகட்டும். உங்கள் சொல்லைப் பிள்ளைகள் என் சொல்லைவிட நன்றாகக் கேட்பார்கள். நான் பிடுங்குகிறவள், நீங்கள் கோல் அடிக்கிறவர்கள்.

வெளிநாட்டு மாமாமாரே, உங்களையும் விட மாட்டேன். சொக்கலேற் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் வழிபார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பையை அவர்கள் கையில் கொடுக்காமல் அம்மம்மாவிடம் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று அவர் பார்த்துக் கொடுப்பார். உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே அப்படித்தான் செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

பாடசாலைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று சுற்றறிக்கையே இருக்கிறது, அதிபர்மாருக்குத் தெரியும். கேற்றுக்கு வெளியே இனிப்பு விற்றுக்கொண்டு நிற்கிற சைக்கிள்தான் மிச்சம். அது பிரதேச சபையும் பரிசோதகரும் பேசவேண்டிய விஷயம். முன்பள்ளி ஆசிரியைகளிடம் மட்டும் ஒன்று: பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு ரொபி கொடுக்கிற வழக்கத்தை மாற்றி, அந்தப் பிள்ளையின் பெயரில் வகுப்புக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில் செய்கிறார்கள், நன்றாகவே போகிறது.

கடைசியாக ஒரு கொடுக்கல் வாங்கல். சர்பத் இல்லாத பந்தல் போடுகிற சபை எதுவானாலும், அந்தப் பந்தலுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, எந்தப் பிள்ளையை எப்போது கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று துண்டெழுதிக் கொடுக்க நான் தயார். என்னைப் போல இன்னும் சிலரும் வருவார்கள். பிளாஸ்ரிக் கதிரை இரண்டு, ஒரு மேசை, கைகழுவத் தண்ணீர், ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி நிழலான இடம், இவை போதும். அழைப்புக் கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதுங்கள். அனுமதி எடுக்க நாள் பிடிக்கும் என்பதால் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் பந்தலில் என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்றும் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வன்னிப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர்